வேட்டைக் குண்டும் விலங்கின் ஊனும்

வேட்டையில் மிருகத்தை வீழ்த்தும் கருவி எதுவாயினும், அது அம்மிருகத்தின் தேகத்தில் ஒரு பாகத்தை அழித்தே தீரும். அழிந்தது போக எஞ்சியதுதான் அடுப்பேறும். உயிரைத் தாமதமின்றிப் போக்கவும் வேண்டும், ஊனையும் வீணாக்கலாகாது என்னும் இரண்டு தேவைகளும் ஒரே குண்டினால் நிறைவேறுமா, நிறைவேறாதெனில் எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்ற வினா, துப்பாக்கி வேட்டைக்கு வந்த காலந்தொட்டு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. கரிமருந்துக் காலத்தில் ஒரு விடையும், புகையில்லா மருந்து வந்தபின் வேறொரு விடையும், செப்புக் குண்டு வந்தபின் மற்றொரு விடையும் கூறப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தியதன் குறையைத் திருத்தியது. திருத்தும்போதே புதிதாக ஒரு குறையையும் கொண்டுவந்து சேர்த்தது.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் வட்டாரத்தை முன்வைத்து இவ்வினாவைப் பரிசீலிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மேற்கே, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலைத்தொடர். கிழக்கே சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் என விரியும் பட்டாசுத் தொழிலின் பூமி. நடுவே மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் புஞ்சைகளும், சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்களும். அந்தக் கருவேலம் புதர்களே காட்டுப்பன்றிக்குப் பகலில் தங்குமிடம். பயிரைக் காக்கத் தவிக்கும் சம்சாரியும், பன்றி ஊனுக்கு ஆசைப்படும் வேட்டைக்காரனும், வெடிமருந்தின் குணமறிந்த கைகளும் ஒரே நிலப்பரப்பில் கூடியிருப்பதால், அயல்நாட்டு வேட்டை நூல்களில் தோட்டாவைப் பற்றிய விவாதமாகத் தொடங்கிய விஷயம், இதுபோன்ற வட்டாரங்களில் அந்நூல்கள் கருதிப்பாராத ஒரு முடிவை அடைந்திருக்கிறது. அந்த முடிவையும் சேர்த்துப் பார்த்தாலன்றி வினாவின் முழு உருவம் புலப்படாது என்பதே இக்கட்டுரையின் நிலை.

ஊடுருவுதலா, உள்ளே தங்குதலா?

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியின் வில்லாண்மையைப் பாடுகையில், ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாகச் சொல்கிறார். கவியின் மிகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஊடுருவிச் செல்லும் படையே உயர்ந்தது என்னும் மதிப்பீடு அதில் தங்கியிருக்கிறது. அம்பைப் பொறுத்தவரை இம்மதிப்பீட்டில் நியாயம் உண்டு. கூரிய முனை தசையை அறுத்துச் செல்லுமேயன்றி நசுக்குவதில்லை. இரத்தம் வெளியே வடியுமேயன்றித் தசையிழைகளுக்கிடையே பரவி உறைவதில்லை. ஊனைக் காக்கும் திறத்தில் அம்புக்கும் ஈட்டிக்கும் ஈடான துப்பாக்கிக் குண்டு இன்றுவரை செய்யப்படவில்லை என்றே சொல்லலாம். அம்பின் குறை வேறிடத்தில் இருந்தது: மிருகம் எய்பவனுக்கு வெகு அருகில் வந்தாக வேண்டும், அடிபட்ட மிருகம் வெகுதூரம் ஓடியும் விடும்.

துப்பாக்கி வந்த பின்னும் பழைய முறை உடனே மறைந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், யானையையும் காட்டெருமையையும் கனத்த குண்டுகளால் வீழ்த்தியபோதிலும், மலைச்சோலைகளின் மரைமானை வேட்டைநாய்களால் மடக்கிக் கத்தியால் முடிப்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தார் என்பது 1854-இல் வெளியான அவருடைய நூலால் தெரிகிறது. நம் பக்கத்து இராஜபாளையம் நாய்க்கும் பன்றிவேட்டையில் பேர்போன சரித்திரம் உண்டு. ஆயினும் நாய்கள் குதறும் மிருகத்தின் வேதனையையும், பன்றியின் கோரைப்பல்லால் வயிறு கிழியும் நாய்களையும் கணக்கில் சேர்த்தால், ஊன் மிஞ்சுகிறது என்பதற்காக மட்டும் அம்முறையைச் சிறந்ததென்று கொள்வதற்கில்லை.

அதே பேக்கர், நெடுநாள் அனுபவத்தைத் தொகுத்து 1890-இல் எழுதிய மற்றொரு நூலில், குண்டு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைப் பற்றி ஒரு சித்தாந்தத்தையே வகுத்தார். நுனியில் குழிவுடைய இலேசான குண்டுகள் பெருமிருகங்களுக்கு உதவா என்றும், திண்ணிய மென்மையான ஈயக்குண்டு உடலுக்குள் காளான்போல் விரிந்து, மறுபக்கத்துத் தோலின் அடியில் தங்கிவிட வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். குண்டின் பலம் முழுவதும் மிருகத்தின் உடலுக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது அவர் கருத்து. எதிர்க்கட்சியார் கூறியது வேறு. இருபுறமும் துளையிட்டு வெளியேறும் குண்டு இரத்தத்தை வெளியே வடியவிடும். அடிபட்ட மிருகத்தின் தடத்தைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே செலவாகாத பலம் ஊனைக் கெடுப்பதும் இல்லை என்பது அவர்கள் வாதம். ஆப்பிரிக்காவில் யானைகளை 7 மில்லிமீட்டர் நீளக்குண்டுகளால், சிறிதும் விரியாத முழு உலோக உறையுடைய குண்டுகளால், வீழ்த்திப் பேர்பெற்ற கராமோஜோ பெல் இக்கட்சியின் எல்லையில் நின்றவர். அவருடைய வெற்றி குண்டின் வெற்றியன்று. மிருகத்தின் எலும்புக்கூட்டை ஒரு வைத்தியனைப்போல் அறிந்திருந்த கையின் வெற்றி. அந்தக் கை இல்லாதவனிடம் அதே குண்டு, மிருகத்தை நாட்கணக்கில் சாகவிடும் கருவியாக மாறிவிடக்கூடும்.

வேகம்

1884-இல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைச் செய்து காட்டியதும், சர்ச்சையின் அச்சே மாறிவிட்டது. கரிமருந்தால் எட்டமுடியாத வேகங்களைச் சிறிய குண்டுகள் எட்டின. எடை இரட்டித்தால் குண்டின் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ அது நான்கு மடங்காகும். இந்தக் கணக்குத்தான் இருபதாம் நூற்றாண்டு வேட்டைக்காரர்களைப் பெரிதும் மயக்கியது.

இம்மயக்கத்தின் முதல் அத்தியாயம் நம் நாட்டிலேயே எழுதப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில், முனையில் ஈயம் திறந்திருக்கும்படி உறை குறைத்துச் செய்யப்பட்ட குண்டு, உடலில் பட்டதும் விரிந்து கோரமான காயத்தை உண்டாக்கியது. மனிதர்மீது அத்தகைய குண்டுகளைப் பிரயோகிக்கலாகாது என்று 1899-இல் ஹேக் நகரில் தேசங்கள் கூடிப் பிரகடனம் செய்தன. அதற்கும் முன்பு, 1868-இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைப் போரிலிருந்து விலக்கியிருந்தது. போரில் விலக்கப்பட்ட விரியும் குண்டு வேட்டையில் மட்டும் நிலைத்து நின்றதற்குக் காரணம் கூறாமல் விடமுடியாது: விரியாத குண்டு மிருகத்தைத் துளைத்துச் சென்று உயிரோடு ஓடவிடுவதால், விரியும் குண்டே இரக்கமுடையது என்று வேட்டை நூலோர் கருதினர், பல நாடுகளின் வேட்டைச் சட்டங்களும் அவ்வாறே வகுத்தன. இக்கருத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் விரியும் குண்டோடு ஊன்சேதம் என்னும் பிரச்சினை கூடவே பிறந்துவிட்டது.

அச்சேதம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். தசையில் முக்காற்பங்கு நீர். வேகமாகப் புகும் குண்டு தான் செல்லும் வழியை மட்டும் துளைப்பதில்லை. கிணற்றில் விழுந்த கல் தண்ணீரைச் சுற்றிலும் விலக்கிப் பின் கூடவிடுவதுபோல, சுற்றியுள்ள தசையை ஒரு கணத்துக்கு வெளியே தள்ளித் திரும்ப மூடவிடுகிறது. நெகிழும் தன்மையுள்ள நுரையீரல் அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். தசைக்கட்டுகளுக்கிடையே உள்ள மெல்லிய சவ்வுகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுந்து, இரத்தம் அச்சவ்வுகளின் வழியே வெகுதூரம் பரவிப் பாகுபோல் உறைகிறது. குண்டு பட்ட இடத்தில் விரல் நுழையும் துளையே இருக்க, தோலை உரித்துப் பார்க்கையில் ஒரு முன்னந்தொடை முழுவதும் கருஞ்சிவப்பாகக் கன்றிக் கிடப்பது இதனால்தான். எலும்பில் பட்டால் கேடு பெருகும். உடைந்த எலும்புத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குண்டாகப் பாய்கின்றன. கன்றிய ஊன் விரைவில் அழுகும். வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

வேகத்தை நம்பியவர்களுக்கு முதல் எச்சரிக்கை 1911-இல் கிடைத்தது. மிக வேகமான .280 ராஸ் ரைபிளால் சிங்கத்தைச் சுட்ட ஜார்ஜ் கிரே, குண்டு ஆழப் புகாமல் மேற்புறத்திலேயே சிதறிப்போனமையால், பாய்ந்து வந்த சிங்கத்தால் குதறப்பட்டு மாண்டார். அவர் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி எட்வர்ட் கிரேயின் சகோதரர். மேற்புறத்தில் சிதறும் குண்டு இரண்டு வகையிலும் தோற்கிறது: உயிரையும் போக்குவதில்லை, ஊனையும் விட்டுவைப்பதில்லை. ஆயினும் வேகக் கட்சி ஓயவில்லை. 1925-இல் வெளிவந்த .270 வின்செஸ்டர் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 950 மீட்டர் வேகத்தில் குண்டைச் செலுத்தியது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் அதன் ஆயுட்கால வழக்கறிஞரானார். அவருக்கு எதிராக நின்ற எல்மர் கீத், கனத்த பெரிய குண்டு மிதமான வேகத்தில் சென்றால் துளை பெரிதாகவும் கன்றல் சிறிதாகவும் இருக்கும் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். ஊன்சேதம் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால் கீத் பக்கமே நியாயம் மிகுதி என்று தோன்றுகிறது. ஆனால் மிதவேகக் குண்டு தூரத்தில் விரைந்து தாழ்ந்துவிடும். தூரத்தைத் தவறாக மதிப்பிட்டவன் நெஞ்சைக் குறிவைத்து வயிற்றிலோ காலிலோ அடிப்பான். வயிற்றில் பட்ட குண்டு குடலைக் கிழித்து உள்ளிருப்பதை ஊனெங்கும் இறைத்துவிடும். வேகத்தால் கன்றுவதும், வேகக்குறைவால் குறி தவறுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்கின்றன.

உறையும் உலோகமும்

வேகத்தைக் குறைக்காமலே சிதறலைத் தடுக்க முடியாதா என்பது அடுத்த கேள்வியாயிற்று. ஜெர்மனியில் 1930-களிலேயே, முன்பாதி விரிந்தும் பின்பாதி குலையாமலும் இருக்கும்படி நடுவில் இடுப்புப்போல் சுருக்கிய உறையுடன் குண்டுகள் செய்யப்பட்டன. 1946-இல் கனடாவில் பெரிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டுக் குண்டு ஆழப் புகாமையால் ஏமாற்றமடைந்த ஜான் நாஸ்லர், முன்னறை பின்னறை என இரண்டாகப் பிரித்துக் குறுக்கே செம்புச் சுவர் வைத்த குண்டை வகுத்து, 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1989-இல் ஈயமே இல்லாமல் முழுவதும் செம்பாலாகிய பார்ன்ஸ் குண்டு வந்தது. அது நான்கு இதழ்களாக விரியுமேயன்றிச் சிதறுவதில்லை. இவற்றால் ஊன்சேதம் குறைந்தது என்பதில் வேட்டைக்காரர்களுக்குள் பெரும்பாலும் கருத்தொற்றுமை காணப்படுகிறது. குறை என்னவெனில், செம்பு ஈயத்தைப்போல் எளிதில் விரியாது. வேகம் குறைந்த நிலையில் அது விரியாத குண்டாகவே ஊடுருவிப் போய்விடும். விலையும் அதிகம்.

ஆனால் ஈயமா செம்பா என்ற கேள்வி, ஊன் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கடந்து, மிஞ்சிய ஊன் உண்ணத் தக்கதா என்பதில் போய் நின்றது. அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வழக்கமான ஈயக்குண்டுகளால் சுடப்பட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் உலோகத் துகள்கள் தென்பட்டன. 80 சதவீத மான்களின் அரைத்த இறைச்சியிலும் துகள்கள் இருந்தன. அவ்விறைச்சியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்தது. கண்ணுக்குக் கன்றிய ஊனை வெட்டி எறிந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை இதனால் அசைந்தது. துகள்கள் காயத்தைவிட்டு வெகுதூரம் செல்கின்றன. நாவுக்கும் அவை தெரிவதில்லை. ஜப்பானின் ஹொக்கைடோவில் கழுகுகள் ஈயநஞ்சால் மடிந்ததைக் கண்டு 2000-ஆம் ஆண்டளவிலேயே மான் வேட்டைக்கு ஈயக்குண்டை விலக்கினர். கலிபோர்னியா 2019-இல் எல்லா வேட்டைக்கும் விலக்கியது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையையும் 2024-இல் ஈய ரைபிள் குண்டையும் விலக்கிவிட்டது.

எங்கே அடிப்பது?

இதுவரை கூறிய சர்ச்சைகள் அனைத்தையும் ஓரளவு அர்த்தமற்றதாக்கிவிடும் விஷயம் ஒன்று உண்டு. அது குண்டு படும் இடம். முன்னந்தொடைக்குச் சற்றுப் பின்னே, விலாவின் வழியே நுரையீரலைத் துளைத்தால், எந்தக் குண்டாயினும் கெடும் ஊன் அற்பமே. விலாவில் தசை மெலிது. மிருகம் சிறிது தூரம் ஓடி விழும். தோளெலும்பை உடைத்தால் நின்ற இடத்திலேயே விழும். ஆனால் இரண்டு முன்னந்தொடைகளும் நாசம். தலையில் அடித்தால் ஊனில் ஒரு துளிகூடக் கெடாது என்பது உண்மைதான். குறி நான்கு விரல் தாழ்ந்தால் தாடை உடைந்து, இரை தின்ன முடியாமல் மிருகம் பல நாள் பட்டினியில் சாகும் என்பதும் உண்மை. ஆகையால் தலைக்குறியை நெறியுள்ள வேட்டைநூலோர் பெரும்பாலும் ஆதரிப்பதில்லை. உடைந்த தாடையைப் பற்றிய இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மீண்டும் அதனிடம் வரவேண்டியிருக்கிறது.

காட்டுப்பன்றியின் விஷயத்தில் மேலும் ஒரு சிக்கல். முதிர்ந்த ஆண்பன்றியின் தோளைச் சுற்றிக் கவசம்போல் தடித்த தோல் இருக்கிறது. இலேசான வேகக்குண்டு அதிலேயே சிதறக்கூடும். அன்றியும், துரத்தப்பட்டும் அஞ்சியும் வெகுநேரம் ஓடிக் களைத்த மிருகத்தின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதால், இறந்தபின் ஊனில் உண்டாகவேண்டிய புளிப்புத்தன்மை உண்டாவதில்லை. ஊன் கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடுகிறது. விரைந்த மரணமே நல்ல ஊனையும் தருகிறது. இரக்கமும் அடுக்களையும் இந்த ஓரிடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

ரவையும் பால்ரஸும்

மேலே கூறியவை அனைத்தும் ரைபிள் உடையோரின் விவாதம். நம் நாட்டில் உரிமம் பெற்றவர்களிடம் மிகுதியும் இருப்பது 12 போர் துப்பாக்கி. அடுத்தபடி இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .315 ரைபிள். 12 போரில் எல்.ஜி., எஸ்.ஜி. என்னும் பெரிய ரவைகளை இட்டுப் பன்றியைச் சுட்டால், அவை பல இடங்களில் பரவிப் பாய்ந்து, ஒன்றிரண்டு நெஞ்சிலும் மற்றவை தொடையிலும் குடலிலுமாகத் தங்கும். கிராமத்து நாட்டுத் துப்பாக்கியோ இன்னும் கேடானது. சைக்கிள் சக்கரத்து எஃகு உருண்டைகளைப் பால்ரஸ் என்று சொல்லி அதில் இடுகிறார்கள். எஃகு விரியாது, உருண்டை வேகத்தை விரைவில் இழக்கும், ஆழப் புகாது. ஊன் அதிகம் கன்றுவதில்லை என்பதை ஒரு நன்மையாகக் கூறுவோர், எத்தனை பன்றிகள் உடலில் பால்ரஸுடன் கருவேலம் புதருக்குள் போய்ச் செத்து நாறுகின்றன என்பதைக் கணக்கிடுவதில்லை. கிடைக்காத ஊனும் கெட்ட ஊன்தானே?

அவுட்டுக்காய்

இனி இப்பக்கங்களில் வினா அடைந்த முடிவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அவுட்டுக்காய் என்றும், கேரளத்தில் பன்னிப்படக்கம் என்றும், இலங்கையில் சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்றும் வழங்குவது ஒன்றே. இரைக்குள் பொதிந்து பன்றி வரும் வழியில் போட்டுவைக்கும் வெடி அது. பன்றி கடித்ததும் வாய்க்குள் வெடித்துத் தாடையைச் சிதைக்கிறது. துப்பாக்கி வேண்டாம், உரிமம் வேண்டாம், குறிபார்க்கும் கை வேண்டாம், சுடும் ஓசையைக் கேட்டு வனக்காவலர் வருவாரோ என்ற அச்சமும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, தலை ஒன்று போக மற்ற உடல் முழுவதும் ஒரு கீறலுமின்றிக் கிடைக்கிறது. ஊன்சேதத்தைக் குறைப்பது எது என்ற வினாவை வேறெந்த நிபந்தனையும் இன்றிக் கேட்டால், பேக்கரும் கீத்தும் நாஸ்லரும் தேடிய எல்லா விடைகளையும் விஞ்சிய விடை இதுவே. வினா கேட்கப்பட்ட விதத்திலேயே ஏதோ பிழை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறொன்றும் காட்டிவிடாது.

வெடித்த கணமே எல்லாப் பன்றிகளும் சாவதில்லை. தாடை தொங்க, நாக்கு கிழிந்து, தண்ணீரும் குடிக்க முடியாமல் திரிந்து சாகும் மிருகங்கள் உண்டு. போட்டுவைத்தது பன்றிக்கென்றாலும் கடிப்பது எது என்பதை வெடி அறியாது. மேய்ச்சல் மாடுகள் வாய் சிதறிச் சாவதும், வீட்டு நாய்கள் கவ்விக்கொண்டு வருவதும் செய்திகளாக வந்த வண்ணம் இருக்கின்றன. 2020 மே 27 அன்று கேரளத்தின் மண்ணார்க்காடு வனப்பகுதியில், வாய் சிதைந்த கர்ப்பிணி யானையொன்று வெள்ளியாற்றின் நீரில் நின்றபடியே உயிர் விட்டது. தேசம் முழுவதும் அதற்காகக் கண்ணீர் சிந்தியது. கோயம்புத்தூர் வனப்பகுதிகளிலும் வாய்ப்புண்ணோடு மெலிந்து மடிந்த யானைகளின் மரணத்துக்கு அவுட்டுக்காயே காரணமெனக் கண்டறியப்பட்டதுண்டு. இலங்கையில், பன்றிக்கென வைக்கும் ஹக்க பட்டாஸ், யானைகளின், அதிலும் இளங்கன்றுகளின், முதன்மையான மரண காரணங்களுள் ஒன்றாகியிருக்கிறது.

இதில் பட்டாசுத் தொழில் நடக்கும் நம் வட்டாரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நாளிலிருந்து, மழை பொய்க்கும் கரிசலில் லட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிவது அதுவும் அதையொட்டி வளர்ந்த பட்டாசுத் தொழிலும் இருப்பதால்தான். உரிமம் பெற்ற ஆலையில் மருந்து எடைபோட்டு அளக்கப்படுகிறது. இருப்புக் கணக்கு இருக்கிறது. ஆனால் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாட்டு வெடி உருட்டும் இடங்கள் தென்மாவட்டங்கள் எங்கும் உள்ளன. மருந்து அங்கிருந்து வேறு கைக்கு மாறினால் அதைப் பின்தொடர்வது எளிதன்று. 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்படி அவுட்டுக்காயைச் செய்வதும் வைத்திருப்பதுமே கடுங்குற்றம். மருந்தைக் கையாண்டு விரல்களையும் உயிரையும் இழந்த எத்தனையோ பேரை அறிந்த இந்தப் பூமியில், அம்மருந்தை ஒரு வாயில்லாப் பிராணியின் வாய்க்குள் வைப்பதன் கொடுமையை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

சட்டமும் புதைகுழியும்

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. காட்டுப்பன்றி முதலில் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. பயிர்ச்சேதம் பெருகவே மாநிலங்கள் வெவ்வேறு வழிகளை நாடின. பீகாரில் 2015 டிசம்பரிலும் உத்தராகண்டில் 2016 பிப்ரவரியிலும் மத்திய அரசு காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிராக அறிவித்தது. கேரளம் பன்முறை கேட்டும் அவ்வறிவிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே கேரள அரசு 2022-இல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடமே ஒப்படைத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வருவதைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வருவதை வனத்துறையினர் சுடலாம்.

கேரளத்தில் சுடப்பட்ட பன்றியைப் புதைத்துவிடவேண்டும் என்பது விதி. நல்ல ஊனை மண்ணுக்குக் கொடுப்பது அநியாயம் என்று சம்சாரிகளும் அரசியல்வாதிகள் சிலரும் குரல் எழுப்பியிருக்கிறார்கள். உண்ண அனுமதித்தால் பயிர்க்காவல் என்ற பெயரில் ஊன்வேட்டை தலையெடுக்கும். சந்தையில் விலை உண்டானால் அவுட்டுக்காயும் பெருகும் என்பது மறுதரப்பின் அச்சம். அந்த அச்சம் ஆதாரமற்றதாகத் தோன்றவில்லை. ஈயத்தைப் பற்றி மேலே கண்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும்: ஈய ரவை பாய்ந்த பன்றியின் ஊன் மனிதனுக்கும் நல்லதன்று, வெட்டவெளியில் விட்டால் கழுகுக்கும் நரிக்கும் நல்லதன்று. புதைகுழி இவ்விரண்டு தீங்குகளையும் ஒருசேரத் தவிர்க்கிறது.

முடிவு காணாதவை

குண்டு விஷயத்தில் இன்று துணிந்து கூறக்கூடியது இவ்வளவே: மிதமான வேகமும், சிதறாத அமைப்பும், விலாவின் வழியே நுரையீரலைத் தேடிச் செல்லும் குறியும் கூடினால், உயிரும் விரைந்து போகும், ஊனும் மிகுதியாக மிஞ்சும். செப்புக் குண்டு நீண்டகாலத்தில் ஈயத்தின் இடத்தை முற்றிலும் பிடித்துவிடுமா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. வேகம் குறைந்த பழைய துப்பாக்கிகளில் அது சரியாக விரிவதில்லை என்ற ஆட்சேபம் நிற்கிறது. மிஞ்சிய ஈயத்துகள் உண்பவர் உடலில், குறிப்பாகக் குழந்தைகளிடம், காலப்போக்கில் என்ன செய்யும் என்பதில் ஆராய்ச்சி தொடர்கிறது. சுடுவதால் பன்றியின் தொகை உண்மையில் குறைகிறதா, அன்றி எஞ்சியவை அதிகக் குட்டி ஈன்று இடத்தை நிரப்பிக்கொள்கின்றனவா என்பதும் விவாதத்துக்குரியதே. கண்மாய்களில் சீமைக்கருவேல் இருக்கும்வரை பன்றிக்கு வீடு இருக்கும் என்று கூறுவோரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஒன்றில் மட்டும் நாம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. எந்தக் குண்டு ஊனைக் காக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எது மிருகத்தை விரைந்து சாகவிடும் என்று கேட்டாகவேண்டும். வனத்துறை தன் சுடுநர்களுக்கு விதிகள் வகுக்கும்போது துப்பாக்கியின் வகையையும் குண்டின் வகையையும் சுடும் தூரத்தையும் இந்த முறைப்படி நிர்ணயிக்க வேண்டும். அதுவரை, புஞ்சை வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ இரைபோல் உருண்டையாகக் கட்டிய பொருள் கிடப்பதைக் காண்போர், அதைத் தொடாமலும் மிதிக்காமலும், மாட்டையும் நாயையும் குழந்தைகளையும் விலக்கி நிறுத்திவிட்டு, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.